கறுப்புப் பை

வெளிநாட்டு ரயில் நிலையக் குண்டுவெடிப்பில் அண்ணனைப் பறிகொடுத்தவள் துர்காஷினி. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தக் குண்டு மனிதர்களை எப்படி மாற்றியிருக்கிறது என்று ஆய்வு செய்கிறாள். அதே குண்டில் மகளை இழந்த ஒருவரைப் பேட்டி எடுக்க, தம்போய் என்ற ஊருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள்.

எதிர் இருக்கையில் நெஞ்சு வரை தாடி வளர்த்த ஒருவர், கறுப்புப் பையை இறுக அணைத்தபடி ஏதோ முணுமுணுத்தார். துர்காஷினிக்கு ரத்தம் கொதித்தது. இவனை மாதிரி ஒருத்தன்தானே! போலீசுக்கு ஃபோன் போட்டாள். இரண்டு நிறுத்தம் தள்ளி அவரை இறக்கி, தரையில் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டினார்கள்.

'இது உனக்காக அண்ணே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பேட்டி கொடுக்க இருந்தவரின் வீட்டில், அவர் மனைவி ராஜம்மா கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்கம்மா. மக படத்தை உங்களுக்குக் காப்பி எடுக்க டவுனுக்குப் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு லா."

சுவரில் ஒரு குடும்பப் படம். மகளுக்குப் பக்கத்தில், மழுமழுவென்று சவரம் செய்த முகத்தோடு அப்பா.

"இவர்தானா?"

"ஆமா. இப்பப் பாத்தா அடையாளமே தெரியாது. குண்டு வெச்சவன் தூக்குல தொங்குற வரைக்கும் தாடியை எடுக்கமாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டாரு."