மேல் ஜன்னல்

"ஒரு சந்தேகம் சார்."

இரண்டாம் மாடி அம்மா நாலாவது முறையாகக் கையைத் தூக்கியதும் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'சந்தேகத் திலகம் ஆரம்பிச்சாச்சு!'

பின்னே? ஒன்றரை வருஷம் நடையாய் நடந்து குழாய் கேஸ் வாங்கி வந்தவர் அவர். கேஸ் அதிகாரி தலையாட்டினால் சாயங்காலமே எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும்.

"சிலிண்டர் கேஸ் கசிஞ்சா தரையிலதானே சார் தங்கும்?"

"ஆமாம்மா, அது காத்தைவிட கனம்" என்றார் அதிகாரி பொறுமையாக. "இது பூமிக்கடியிலேருந்து எடுக்கிற இயற்கை எரிவாயு. காத்தைவிட லேசு. கசிஞ்சா மேல போய் சேர்ந்துக்கும்."

"வாசனை வருமில்ல?"

"அதுக்குன்னு வாசனையே கிடையாது. கசிஞ்சா தெரியணும்னு நாங்கதான் ஒரு நாத்தத்தைச் சேர்க்கிறோம்."

"இதெல்லாம் அவர் முதல்லயே சொல்லிட்டாரும்மா. காதுல பஞ்சா வச்சிருந்தீங்க?" என்றார் செயலாளர். கூட்டம் சிரித்தது.

"இல்ல சார்... குளிர்காத்து வருதேன்னு அடுப்படி மேல் ஜன்னலை அட்டை வச்சு ஒட்டிட்டேன். பரவாயில்லையா?"

சிரிப்பு நின்றது. அதிகாரி பேனாவை மூடினார்.

"விளையாடறீங்களா? கசிஞ்ச கேஸ் வெளியே போக அதுதாம்மா வழி. ஒரு வீட்டுல அடைச்சிருந்தாலும் மொத்தக் கட்டடத்துக்கும் வால்வைத் திறக்க மாட்டேன். நாலு மணிக்கு வீடு வீடா வந்து பார்ப்பேன்."

அவ்வளவுதான். ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"உங்க ஒருத்தரால எல்லாருக்கும் கெடணுமா?"

"பார்த்தா விவரமானவங்க மாதிரி இருக்கீங்க!"

"இப்பவே பிச்சுடறேன், மன்னிச்சுக்கங்க" என்று அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு படியேறினாள்.

செயலாளருக்கு நம்பிக்கை இல்லை. பத்தே நிமிஷத்தில் கத்தியும் கையுமாக அவள் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தார்.

மேல் ஜன்னல் அகலத் திறந்திருந்தது. அதன் வழியாக வெளியிலிருந்து ஒரு கொடி புகுந்து, உள்ளே இரண்டு முழம் வளர்ந்திருந்தது.

"என்னம்மா இது? இந்த ஜன்னலை மூடியே மாசக்கணக்கா ஆகியிருக்கும் போலிருக்கே!"

"மெதுவா சார்!" அவள் சுவரைக் காட்டினாள். பக்கத்து வீட்டிலிருந்து சர் சர்ரென்று ஒட்டிய டேப்பைப் பிய்த்தெடுக்கும் சத்தம் வந்தது.

"கூட்டத்துல பின்னாடி உட்கார்ந்திருந்தாளே, அந்தக் கைக்குழந்தைக்காரி. குடிவந்து பத்து நாள்தான் ஆகுது. வெளியே நடந்து போறப்போ அவ மேல் ஜன்னல்ல அட்டையைப் பார்த்தேன். நேரா போய்ச் சொன்னா குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். கூட்டத்துல அவ வீடுன்னு சொன்னா, வந்ததும் வராததுமா எல்லார் வாயிலயும் விழுவா. எனக்கென்ன சார், உங்ககிட்ட திட்டு வாங்கி பழகிப்போச்சு."

செயலாளர் கத்தியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துக் கைகூப்பியபடியே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி உரக்கக் கத்தினார்:

"சீக்கிரம் பிச்சுப் போடுங்கம்மா! உங்களோட ஒரே ரோதனையாப் போச்சு!"