பக்கத்து வீட்டுக் கெர்னல்

"அந்த மனுஷன் இன்னும் பதில் போடலைக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, என்னை உட்காரக்கூடச் சொல்லாமல்.

நானாக உட்கார்ந்துகொண்டேன். ஸ்க்ரூ டிரைவர் இரவல் கேட்கத்தான் போனேன். என் வீட்டில் இரண்டு கிடக்கின்றன என்பது வேறு விஷயம்.

கொஞ்ச நாளாகவே அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பாடு, துணி, ஒழுகுகிற குழாய், அவ்வளவுதான். நடுச்சுவர் மெல்லிசு. எனக்குத் தெரியாமல் போகுமா?

அவர் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரோடு. இவள் கூடத்தில் கம்ப்யூட்டரோடு.

இவள் கதை எனக்கு அத்துபடி. முன்பு ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே இயந்திரத்துக்குள் கன்டெய்னர் கன்டெய்னராகப் பல மென்பொருள்கள் குடித்தனம் நடத்துமாம். மொத்த வீடும் தனக்கே என்று ஒவ்வொன்றுக்கும் நினைப்பாம். எல்லாவற்றுக்கும் இடம் பிரித்துக் கொடுக்கிற வீட்டுக்காரர் மாதிரி, அடியில் கெர்னல் என்று ஒரு மூல மென்பொருளாம்.

ஒருநாள் ஒரு கன்டெய்னர் நினைவகத்தை வகைதொகையில்லாமல் தின்னப்போக, கெர்னல் கைக்குக் கிடைத்ததைக் கொன்றது. செத்தது பக்கத்துக் கன்டெய்னரில் பாதி. அவசரப் பிரிவில் திரைகள் இருண்டுபோயின.

"யார் எந்தக் குடும்பம்னே அதுக்குத் தெரியாதுக்கா."

வீட்டுக்காரர் என்று இருந்துகொண்டு இதுகூடத் தெரியவில்லை! இந்த மாடியில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்று என்னைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

அன்று பிடித்த பிடிதான். இனி வரும் கெர்னல் ஒவ்வொரு கன்டெய்னரையும் ஒரே குடும்பமாக அடையாளம் காண வேண்டும். அதற்காகக் கெர்னலுக்குத் திருத்தம் எழுதி எழுதி அனுப்புகிறாள். கெர்னலின் வாசலில் ஒருவர் நந்தி மாதிரி குறுக்கே உட்கார்ந்திருக்கிறாராம். அவர் சரி என்றால்தான் உள்ளே போகும். இன்றோடு வாசல் மூடல். தவறினால் அடுத்த பதிப்புக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

ஒரு போன் போட்டுக் காரியத்தை முடியேன் என்றேன். கூடாதாம். எதுவானாலும் உலகமே படிக்கிற பொது மடலில்தான் பேச வேண்டுமாம். தனியாகப் பேசிச் சரிக்கட்டினால் அசிங்கமாம். இப்படியும் ஒரு பிழைப்பு.

அவள் கணவர் வந்து தேநீர் வைத்துவிட்டுப் போனார். திரைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. கட்டினவள் இந்தப் பாடு படுகிறாள், ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

உள்ளறைக் கதவு சாத்திய சற்று நேரத்தில் மடல் வந்தது. வாசித்துக் காட்டினாள்.

'ஒரு கன்டெய்னர் மூடப்படும்போதே அதற்குள் இன்னொன்று பிறந்தால்? இதை நீங்கள் யோசிக்கவில்லை. நிராகரிக்கிறேன்.'

எனக்கு வந்ததே கோபம்.

"கல்நெஞ்சக்காரன்! இவனோடல்லாம் ஒருத்தி எப்படித்தான் குப்பை கொட்டுறாளோ!"

அவள் அழவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். அவர் சொன்ன ஓட்டையைத் தேடிப் பிடித்துத் தட்டத் தொடங்கினாள். இருட்டுவதற்குள் மறுபடி அனுப்பிவிடுவாளாம்.

"நல்லாத்தான் கொட்டுறேன்க்கா" என்றாள், விரல்களை நிறுத்தாமல். "கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க. உள்ளே அவருக்குக் கேட்டுடப் போகுது."