தொட்டிக்குள்ளிருந்து ஒரு குரல்

"தலையை ஆட்டாதே" என்றான் மெக்கானிக்.

அவன் மனைவி ஆட்டவே இல்லை. பெரிய தொட்டியின் மேல்மேடையில், டைவிங் உடையோடு, கால்களைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் முன்னால் குத்துக்காலிட்டு, புது மாஸ்க்கின் ஐந்து வார்களையும் ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

மீன் காட்சியகம் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பதினான்கு வருடமாக இந்தத் தொட்டியில் இறங்குகிறவள் அவள். கண்ணாடி துடைப்பாள், திருக்கைக்குக் கையால் தீனி கொடுப்பாள், சிலிண்டரைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவாள். அவன் மேலே இருந்து காற்றுக் குழாய்களைப் பழுது பார்ப்பவன். நீச்சல்கூடச் சுமார்தான். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அவனிடம் ஒன்றுமே இருந்ததில்லை.

இன்று இருந்தது.

இது முகம் முழுவதையும் மூடுகிற மாஸ்க். குழாயைப் பல்லால் கவ்வ வேண்டாம். உள்ளே ஒரு மைக். தண்ணீருக்கடியில் இருந்தபடியே பேசலாம், மேடையில் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்கும். அதன் பட்டனை அழுத்திப் பேசினால் கீழே அவளுக்கும் கேட்கும்.

"காது அடைச்சா பழைய மாதிரி மூக்கைப் பிடிக்க முடியாது. உள்ள ரெண்டு ரப்பர் மேடு இருக்கு பாரு, அதுல மூக்கை அழுத்தி ஊது."

அவள் அழுத்தி ஊதினாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு அது பிடித்திருந்தது.

கெண்டை ஏற்கெனவே தண்ணீரில் இறங்கி, மேடை விளிம்பைப் பிடித்தபடி காத்திருந்தான். அவளோடு ஜோடியாக இறங்குகிறவன். அவன் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கெண்டை தன் நெற்றியைத் தொட்டு, விரலால் ஒரு கோடு இழுத்தான்.

அவள் உடனே நெற்றியோரம் கையை விட்டு, மாஸ்க்குக்குள் சிக்கியிருந்த ஒற்றை முடியை வெளியே தள்ளினாள். அந்த ஒரு முடி போதும், தண்ணீர் கசிய.

அரை மணி நேரமாக அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தவன் மெக்கானிக். பார்த்தது கெண்டை.

வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு வயது பதினொன்று. கெண்டை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து.

அவளும் கெண்டையும் ஓயாமல் கையாலேயே பேசிக்கொள்வார்கள். தண்ணீருக்குள் மட்டுமா? கேன்டீனில், மாடிப்படியில், பஸ் நிறுத்தத்தில். கெண்டை விரலை ஒரு சுழற்று சுழற்றுவான், அவள் புரையேறச் சிரிப்பாள். கட்டின புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

சொல்லித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். எனக்கெதுக்கு என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

ஒரு ஞாயிறு மதியம், சோபாவில் கண்ணயர்ந்திருந்த அவளுடைய விரல்கள் மெல்ல அசைந்தன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை புரியவில்லை.

இப்போது அவள் இறங்கினாள். குமிழிகள் மேலே வந்தன. ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு மூச்சு, காதோரம் படுத்திருப்பவள் விடுகிற மாதிரி.

"முகம் நனையவே இல்லைங்க" என்றது தொட்டி.

அவனுக்கு வாயெல்லாம் பல். பட்டனை அழுத்தி, "பயமா இருக்கா?" என்றான்.

"எனக்கா?" சிரித்தாள். "இந்தக் கிழட்டுத் திருக்கைதான் என்னை அடையாளம் தெரியாம முழிக்குது."

கிழட்டுத் திருக்கை என்று ஒன்று உள்ளே இருப்பதே அவனுக்கு இன்றுதான் தெரியும். அவள் பேசிக்கொண்டே போனாள். எந்தப் பாறை வழுக்கும், எந்த மீன் முடியைக் கொத்தும், எல்லாம். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அவளோடு அந்தத் தண்ணீருக்குள் இருந்தான்.

கெண்டை இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா மிதந்தான். அதைப் பார்க்கப் பார்க்க மெக்கானிக்குக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "பிரமாதம். திங்கட்கிழமையிலேருந்து ஜோடியா இறங்குற ரெண்டு பேரும் இதுலதான். பேசிக்கிட்டே இருந்தாத்தான் பாதுகாப்பு." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினாள். நெற்றியில் சிவப்பாக வார்த்தடம். கெண்டை அவளை ஒட்டித்தான் நின்றான். ஆனாலும் அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இது வேணும்னு யார் எழுதிக் கொடுத்தது? கெண்டைக்குப் பொறந்ததிலேருந்தே காது கேக்காதுன்னு இங்க தெரியாதவங்க யாரு? திங்கட்கிழமை அவன் எங்க போவான்?"

எழுதிக் கொடுத்தது மெக்கானிக்தான். அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், மூன்று பக்கம், தன் கைப்பட.

"யாரோ" என்று சொல்லிவிட்டு வார்களைச் சுருட்டத் தொடங்கினான்.

ஈரக் கை ஒன்று அவன் முழங்காலைத் தட்டியது. கெண்டை. ஸ்பீக்கரைக் காட்டினான். அவளைக் காட்டினான். பிறகு விரல்களால் வேகவேகமாக என்னவோ கேட்டான். முகமெல்லாம் ஆவல்.

"என்ன சொல்றான்?" பதினொரு வருடத்தில் மெக்கானிக் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் நெற்றியிலிருந்த வார்த்தடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"என் குரல் எப்படி இருக்கும்னு உங்ககிட்ட கேக்குறான்."

கெண்டை மெக்கானிக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.