குளிர்காய வந்த பூச்சாடிகள்

"இந்த மனிசிக்கு நெஞ்சில ஈரமே இல்லையப்பா!"

படியேறி வந்த வேகத்தில் லோறன்ஸ் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"ஆருக்கு?" என்றாள் மனைவி பேர்பெச்சுவா, சோற்றை வடித்தபடி.

"கீழ்வீட்டு ஜேர்மன்காரி ஃப்ராவ் ஹோல்ஸ்மனுக்குத்தான். இடுப்பு ஒப்பரேசனுக்குப் போறாவாம். பிறகு குருத்தோலை ஞாயிறு வரைக்கும் மகள் வீட்டிலயாம். தன்ர மூண்டு பூச்சாடியையும் எங்களைப் பாக்கட்டாம்."

"பாப்பமே. வீட்டுக்காரனிட்ட எங்களுக்காகக் கதைச்சு இந்த வீட்டை எடுத்துத் தந்த மனிசியெல்லே."

"அதுக்கில்லை. சாடியளைச் சாக்காலை சுத்திப் பல்கனிச் சுவரோட வைக்கட்டாம். பனி கொட்டினாலும் உள்ளுக்க எடுக்கக்கூடாதாம். மண் நல்லாக் காய்ஞ்சால் மட்டும் கொஞ்சம் தண்ணியாம். உள்ளுக்குப் பூவெங்காயம் கிடக்காம், பூ முளைக்கிற கிழங்கு, அதுக்குக் குளிர் வேணுமாம்! உயிருள்ள ஒண்டுக்குக் குளிர் வேணுமெண்டு ஆராவது சொல்லுவினமோ?"

"அவ சொன்னபடி செய்யுங்கோ. உங்கட புத்தியைக் காட்டாதேங்கோ."

லோறன்ஸ் சொன்னபடி செய்தான். பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள் வுப்பர்டால் நகரம் முழுக்கப் பனியில் வெள்ளையாகிவிட்டது. லோறன்ஸ் பல்கனிக் கதவடியில் போய் நின்றான். ஒரு ஜனவரி மாதம் பருத்திச் சட்டையும் ரப்பர் செருப்புமாக இந்த நாட்டில் வந்து இறங்கியவன் அவன். பல் கிட்டிப்போய் நின்ற அந்தக் காலை இன்னும் மறக்கவில்லை.

மத்தியானம் மூன்று சாடிகளும் வரவேற்பறை ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தன. சாக்கைக் காணவில்லை. பேர்பெச்சுவாவின் பழைய கம்பளிச் சால்வை சுற்றியிருந்தது. காலையில் ஒரு கோப்பை தண்ணீர், மாலையில் ஒரு கோப்பை.

பேர்பெச்சுவா இரண்டு நாள் ஏசினாள். மூன்றாம் நாள், கெவெலார் மாதா கோயிலில் இருந்து கொண்டுவந்த தீர்த்தப் போத்தலோடு வந்து நின்றாள்.

"இது என்னத்துக்கு?"

"நீங்கள் குளிருக்குப் பாக்கிறியள். மிச்சத்தை மாதா பாப்பா."

"ஃப்ராவ் ஹோல்ஸ்மன் கண்டால் சிரிப்பா. அவ புரட்டஸ்தாந்து. மாதாவையும் நம்பமாட்டா, தீர்த்தத்தையும் நம்பமாட்டா."

"அவட வெங்காயம் நம்பும். இதை வெறும் தண்ணியெண்டு நினைச்சியளே?"

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் சாடிக்கு மூன்று துளி. அப்படி ஒரு ராஜமரியாதை உலகத்தில் எந்த வெங்காயத்துக்கும் கிடைத்திருக்காது.

குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னர் வரவேற்பறையில் ஒரு நாற்றம். முதலில் கருவாட்டைத்தான் சந்தேகப்பட்டார்கள். பிறகு லோறன்ஸ் கரண்டியால் ஒரு சாடியின் மண்ணைக் கிளறினான். முளையுமில்லை, வேருமில்லை. எல்லாம் அழுகிக் கூழாகிக் கிடந்தது. மற்ற இரண்டும் அப்படியே.

"ஐயோ, நாளையிண்டைக்கு அவ வாறா!"

"உண்மையைச் சொல்லுவம்," என்றாள் பேர்பெச்சுவா.

"என்னெண்டு? அவிச்சுப்போட்டம் எண்டோ? நாங்கள் சொன்ன சொல் தவறாத ஆக்கள் எண்டு இந்தக் கட்டிடத்தில இருக்கிற எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறா. அவட முகத்தில எப்பிடியப்பா முழிக்கிறது?"

மறுநாள் தொங்கு ரயிலில் இரண்டு கை நிறையச் சிவப்பு டுலிப் செடிகளோடு லோறன்ஸ் வந்தான். எதிரே இருந்த கிழவர், "உங்கள் மனைவி கொடுத்து வைத்தவர்," என்றார். லோறன்ஸ் பல்லைக் காட்டி, "யா, யா," என்று தலையாட்டினான்.

"டுலிப் எண்டு என்னெண்டு தெரியும்?" பேர்பெச்சுவா கேட்டாள்.

"வெங்காயத்தில வாற பூ வேறென்ன இருக்கு?"

நிலத்தில் பேப்பரை விரித்து இருவரும் நடத் தொடங்கினார்கள். லோறன்ஸின் மூக்கு நுனியில் மண். அதைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்து அவனுக்கும் வந்தது. பயத்தில் வந்த சிரிப்பு, நிற்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்தே மூன்று சாடியையும் நட்டு முடித்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் ஃப்ராவ் ஹோல்ஸ்மன் இரண்டு ஊன்றுகோல்களோடு வந்து இறங்கினாள். வரவேற்கக் கட்டிடத்தில் குடியிருப்பவர்கள் எல்லாரும் கீழே நின்றார்கள். அவள் வாசலில் சாடிகள் மூன்றும் சிவப்பாய்ப் பூத்து நின்றன.

அவள் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"பார்த்தீர்களா!" என்று அவள் ஜேர்மனில் உரக்கச் சொன்னாள். "இவர்களிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று நான் சொல்லவில்லையா?"

எல்லாரும் கைதட்டினார்கள். இத்தனை நாளும் முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டுக்காரர்கூட வந்து லோறன்ஸின் கையைக் குலுக்கினார்.

பேர்பெச்சுவாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் உண்மையிலிருந்து ஒரு துண்டை மட்டும் முறித்து, தனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னாள்.

"நான்... கெவெலார் மாதாவின் தீர்த்தம் விட்டேன்."

ஃப்ராவ் ஹோல்ஸ்மன் மிகவும் பக்தியாகத் தலையாட்டினாள்.

எல்லாரும் மேலே ஏறிப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு இருவரையும் கிட்டக் கூப்பிட்டாள்.

"அடுத்த முறை கெவெலாருக்குப் போனால் எனக்கும் ஒரு போத்தல் கொண்டு வாருங்கள், ஃப்ராவ் லோறன்ஸ்," என்று காதோடு சொல்லிக் கண்ணைச் சிமிட்டினாள். "நான் நட்டுவிட்டுப் போனது டுலிப் இல்லை, மஞ்சள் நார்சிஸ்!"