கழுவாத வீடு

சர்வேயர் வாசலில் நின்று ஷூவைக் கழற்றப் போனார்.

"பரவாயில்ல சார். அப்படியே வாங்க," என்றாள் அவள்.

கூடத்துச் சேறு இன்னும் முழுதாகக் காயவில்லை. கால் வைத்த இடமெல்லாம் பள்ளமானது.

தெருவில் மற்ற வீடுகளைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தெளித்து, குடியேறிவிட்டார்கள். இந்த ஒரு வீடுதான் பாக்கி.

வெள்ளத்துக்கான இன்சூரன்ஸ் அவள் கணவர் போட்டது. ஏரிக்குக் கீழே மனை வாங்கியவன் வேறென்ன செய்வான் என்று சிரித்துக்கொண்டே வருடாவருடம் கட்டினார்.

சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் கழுவக் கூடாது என்று கம்பெனியிலிருந்து போனில் சொல்லியிருந்தார்கள்.

அதையே அவள் எல்லோரிடமும் சொன்னாள். துடைப்பமும் வாளியுமாக வந்த நாத்தனாரிடம். மகனிடம்.

கணவருடைய காரியத்தைக்கூட மொட்டை மாடியில் பந்தல் போட்டுத்தான் செய்தார்கள்.

சர்வேயர் ஃபிரிட்ஜைப் படமெடுத்தார். உப்பிப்போன கட்டிலை, வாஷிங் மெஷினை. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு டேப் பிடித்தார்.

கோட்டுக்கு மேலே, இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், சேறாய்ப் பதிந்த ஒரு கை. ஐந்து விரலும் விரிந்து.

"இது என்னம்மா?"

அன்று இடுப்பளவுத் தண்ணீரில் அவர் இன்வெர்ட்டரை அணைக்கப் போனார். அவள் மாடிப்படியில் நின்று வேண்டாம் என்றாள். கால் வழுக்கியது. இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, ஒன்றுமில்லை என்பதுபோல் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

வலது கை சுவிட்சுக்குப் போனது.

"அவர் கை," என்றாள்.

சர்வேயர் உயர்த்திய போனை இறக்கினார். டேப் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"எல்லாம் எடுத்தாச்சும்மா. இனிமே கழுவிக்கலாம்."

"வேற யாராச்சும் வந்து பாப்பாங்களா சார்?"

"இல்லம்மா. நான் பாத்தா போதும்."

சர்வேயரின் பைக் தெருமுனை திரும்புவதற்குள் எதிர்வீட்டு ஸ்டெல்லா ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஒருவழியா வந்துட்டுப் போயிட்டாராக்கா? நீங்க மேல போய் உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் வாசலை மறித்து நின்றாள்.

"சர்வேயர் இன்னும் வரல ஸ்டெல்லா."

ஸ்டெல்லா கீழே பார்த்தாள். வாசலிலிருந்து அந்தக் கை வரைக்கும் ஈரமான ஷூத் தடங்கள்.

ஸ்டெல்லா பைப்பைச் சுருட்டத் தொடங்கினாள்.