இடது பக்கம் மட்டும் வரவில்லை

காலி கோடவுனின் பின்னால், அவள் ரிவர்ஸ் எடுத்த கார் மறுபடியும் இடது பக்கச் சுவரை ஒட்டியே நின்றது. பக்கத்து சீட்டிலிருந்த கணவன் அவள் கன்னத்தில் அறைந்தான்.

"கண்ணு தெரியலையாடி? நான் எப்படி இறங்குறது?"

"வரவே மாட்டேங்குதுங்க."

குடித்துவிட்டு ஓட்டியதில் அவனுடைய லைசென்ஸ் பறிபோயிருந்தது. இனி அவனை ஏற்றிக்கொண்டு அலைய ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. இருபது நாளும் அதே தப்பு, அதே அடி. ஒருநாள் உதடு கிழிந்தது. இன்னொரு நாள் டார்ச்சால் அடித்ததில் முழங்கை வீங்கியது.

லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவில் நிறுத்திப் பாஸானாள்.

"அங்க மட்டும் எப்படிடி வந்துச்சு?" என்று அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்கினான்.

காரைக் கிளப்பியவள், வழியிலிருந்த போலீஸ் ஸ்டேஷனுக்குள் திருப்பினாள். ரிவர்ஸ் எடுத்து, மதில் சுவரை ஒட்டி நிறுத்தினாள்.

அவன் பதறிப்போய்க் கதவைத் தள்ளினான். நாலு விரல் அகலம் திறந்து, சுவரில் முட்டியது.

"வண்டிய எடுடி!" என்று ஓங்கி அறைந்தான்.

வாசலில் நின்ற பெண் இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

அவள் சாவியை உருவிக்கொண்டு வலது பக்கம் இறங்கினாள்.

"இருபது நாளா அடி வாங்கிப் பழகினேன், மேடம். இன்னிக்குத்தான் சரியா வந்திருக்கு."