நிரந்தர இடம்

வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்ததை மேஜைமேல் கிடத்தினாள். கண்கள் சிவந்திருந்தன.

“கூட்டம் நடக்குது. யாரைக் கேட்டும்மா உள்ள வந்தே?” என்றார் கலைக்கூடச் செயலாளர்.

“யாரைக் கேக்கணும்? எங்கம்மா எத்தனை தடவை இந்தப் படத்தைத் தூக்கிட்டு வந்து வெளியே பெஞ்சுல காத்துக் கிடந்தாங்க! பேர் மட்டும் மக்கள் கலைக்கூடம். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, போயிட்டாங்க.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அடடா... மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செயலாளர் துணியை விலக்கிவிட்டார். மருத்துவமனைச் சலவைக்கூடம். நீராவிக்குள் பாதி முகம் மட்டும் தெரிய, ஈரப் போர்வையை ஆளுக்கொரு முனையில் பிடித்து முறுக்கும் இரண்டு பெண்கள்.

“என்ன கைவண்ணம்! நிரந்தரத் தொகுப்புக்கே எடுத்துக்கலாம் சார். மறைந்த உள்ளூர்க் கலைஞர்கள் வரிசையில இடம் இருக்கு.”

“போன மாசம் இதே படத்தைப் பாத்து, ‘வீட்டுல மாட்டிக்கோங்க’ன்னு சொன்னது நீங்கதானே?”

“அது வேறம்மா. உயிரோட இருக்கிறவங்ககிட்ட ஒண்ணை வாங்கினா, பின்னாலேயே பத்தைத் தூக்கிட்டு வருவாங்க. ஏன் மூலையில மாட்டினேன்னு சண்டைக்கு நிப்பாங்க. மறைஞ்சவங்கன்னா தொல்லை இல்ல பாரு.”

“செத்தாத்தான் சுவத்துல இடமா?”

“கோபப்படாதேம்மா. வாசலுக்கு நேர் எதிர்லயே மாட்டிடுறோம்,” என்றார் தலைவர்.

“நாளைக்கு மனசு மாறிக் கழட்ட மாட்டீங்களே?”

“நிரந்தரம்னா நிரந்தரம். தொகுப்புல சேத்தது சேத்ததுதான். எங்க விதியே அப்படி.”

எல்லோரும் கை தூக்கினார்கள். அதோடு விட்டார்களா? எழுந்து, தலை குனிந்து, ஒரு நிமிட மௌனம் வேறு. உயிரோடு வந்தவளை உட்காரச் சொல்ல வாய் வராதவர்கள்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கதவை அறைந்து சாத்திவிட்டுத் தெருமுனை பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“படத்தை எடுத்துக்கிட்டாங்கம்மா. நீ செத்துட்டியாம்!”